கெட்டிமேளமும் ஐந்து ஸ்பீக்கர்களும்

பெண் பார்க்கப் போகிறவர்களை உங்களுக்குத் தெரியும். வீடு பார்க்கிறவர்கள், நாள் பார்க்கிறவர்கள், ஜாதகம் பார்க்கிறவர்கள், அடுத்த வீட்டுக் கல்யாணத்துச் சாம்பாரில் முருங்கைக்காய் எத்தனை என்று பார்க்கிறவர்கள், எல்லோரையும் தெரியும். சத்தம் பார்க்கிறவரைத் தெரியுமா?

தெரியும், தெரியும். உங்கள் சொந்தத்திலேயே ஒருவர் இருப்பார். பெயர் வைக்காமல் விட்டிருப்பீர்கள், அவ்வளவுதான். தொண்ணூறுகளின் நடுவில், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு லேசர் டிஸ்க் என்று ஒன்று வந்து, அதைப் போட்டுப் பார்க்கப் பெரிய டிவியும், டிவிக்கு முன்னால் மூன்று ஸ்பீக்கரும், சோபாவுக்குப் பின்னால் இரண்டு ஸ்பீக்கரும், மூலையில் ‘தும் தும்’ என்று தரையை உதைக்க ஒரு கறுப்புப் பெட்டியும், இத்தனைக்கும் தலைவராக ரிசீவர் என்று இன்னொரு பெட்டியும் வேண்டும் என்று ஊர் நம்பத் தொடங்கிய காலத்தில், கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளான் வரைக்கும் இந்த இனம் பல்கிப் பெருகியது. புது வீடு கட்டினவர்கள் சமையலறைக்கு அலமாரி வைத்தார்களோ இல்லையோ, ஹோம் தியேட்டருக்கு ஓர் அறை ஒதுக்கினார்கள். ஒதுக்கும்போது மனைவியைக் கேட்டார்களா? அதைத்தான் சொல்லப் போகிறோம்.

சத்தம் பார்க்கிறவரைக் கண்டுபிடிப்பது சுலபம். வீட்டுக்குள் வந்ததும் உட்கார மாட்டார். நடுக்கூடத்தில் நின்று ‘டப்’ என்று ஒரு தரம் கை தட்டுவார். தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்பார். பிறகு டாக்டர் முகத்தை வைத்துக்கொண்டு, “எதிரொலி கூட. கார்ப்பெட் போட்டுத்தான் ஆகவேணும்” என்பார். நீங்கள் கேட்டீர்களா? கேட்கவில்லை. காப்பி வேண்டுமா என்றுதான் கேட்டீர்கள். அதற்குப் பதில் வராது.

சாவு வீட்டிலும் இந்தச் சோதனை உண்டு. கை தட்டினால் தப்பாகிவிடும் என்கிற நாகரிகம் தெரிந்தவர் என்பதால், அங்கே மெதுவாக விரலைச் சொடுக்குவார். துக்கம் துக்கம்தான், எதிரொலி எதிரொலிதான்.

கடைக்குப் போனால் ஸ்பீக்கர் பெட்டியை விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார், பாசாரில் தேங்காய் வாங்குவது போல. ரிசீவர் என்றால் இரண்டு கையாலும் தூக்கிப் பார்ப்பார். கனம் இல்லாத ரிசீவரை அவர் மனிதராகவே மதிப்பதில்லை. கடைக்காரர் முன்பக்கத்து நீல விளக்கையும் வட்டத் திருகியையும் காட்டிக்கொண்டிருக்க, இவர் பின்பக்கம் போய்க் குனிந்து, கம்பி செருகும் துளைகளை எண்ணிக்கொண்டிருப்பார். பாட்டுப் போட்டால் கண்ணை மூடுவார். ஒரு விரல் மட்டும் மேலே போகும். “பேஸ் இருக்கு, உடம்பில்லை” என்பார். “மேல பளபளக்குது, நடுவில வெறிச்சோடிக் கிடக்குது” என்பார். யாரைச் சொல்கிறார் என்று பக்கத்தில் நிற்கும் பெண்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

இன்னொரு அடையாளம் உண்டு. அதுதான் முக்கியம். நேற்றுக் கூட்டத்தில் தலைவர் என்ன பேசினார் என்று இவரிடம் கேட்டுப் பாருங்கள். “மைக்கில கொஞ்சம் இரைச்சல்” என்பார். பேச்சைத்தான் கேட்டோம் என்றால், “கிட்டப் பிடிச்சுப் பேசியிருக்க வேணும்” என்பார். சத்தத்தில் ஒரு துளி சிந்தாமல் கேட்பார். சொன்னது என்ன என்று மட்டும் தெரியாது.

இந்த இனத்தின் முழுமையான பிரதிநிதி கனகசபை.

சர்வே இலாகாவில் முப்பத்திரண்டு வருஷம் வரைபடம் போட்டு ஓய்வு பெற்றவர். நிலத்தை அங்குலம் பிசகாமல் அளந்தவர். கல்யாணமான நாள் முதல் பிரிக்பீல்ட்ஸில் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் இருந்துவிட்டு, ஓய்வுக்கு ஆறு மாதம் முன்பு கிள்ளானில் தாமான் என்கிற புதிய குடியிருப்பு ஒன்றில் இரண்டு மாடி வீடு வாங்கினார். அந்த வீட்டைப் பார்க்கப் போன அன்று, மாதிரி வீட்டின் கூடத்தில் நின்று வழக்கம்போலக் கை தட்டினார். வீடு விற்கும் பெண் பாராட்டுகிறார் என்று நினைத்து நன்றி சொன்னாள். மனைவி புனிதவதி குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்த்தாள். மகள் ரமணி, பங்சாரில் வேலை பார்க்கிறவள், கொமுட்டர் ரயில் நிலையம் எவ்வளவு தூரம் என்று விசாரித்தாள். கனகசபை மாடிக்கு ஏறி, பின்பக்கத்து மூன்றாவது அறைக்குள் போனார். அங்கேயே நின்றுவிட்டார்.

பன்னிரண்டடிக்குப் பதினான்கடி. ஒரே ஒரு ஜன்னல். நல்ல தடித்த கதவு. நீளத்துக்கும் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள கணக்கு ஸ்பீக்கருக்கென்றே பார்த்துப் போட்டது போல அமைந்திருந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. உண்மையாகவே கலங்கியது. ரமணி பிறந்தபோது கூட அவர் அவ்வளவு கலங்கவில்லை என்று புனிதவதி பிற்பாடு சொன்னாள்.

அவளும் அதே அறைக்குத்தான் வந்து நின்றாள். ஜன்னலைத் திறந்தாள். வெளியே செம்பனைத் தோட்டத்தின் விளிம்பு தெரிந்தது. கதவைச் சாத்தினாள். திறந்தாள். மறுபடியும் சாத்தினாள். “இதுதான் என்ர அறை” என்றாள்.

கனகசபை சிரித்தார். பகிடி விடுகிறாள் என்று நினைத்தார்.

பகிடி இல்லை. புனிதவதி ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவள். இரண்டு அறை, ஏழு பிள்ளைகள். கல்யாணமாகி வந்த வீட்டில் மாமியார், படிக்க வந்து தங்கிய இரண்டு கொழுந்தன்மார், அவர்கள் போனதும் ரேடியோகிராம், ஆம்பிளிஃபையர், பழுதான ஆம்பிளிஃபையர், பழுது பார்க்க எடுத்து வைத்த மூன்றாவது ஆம்பிளிஃபையர். ஐம்பதை நெருங்கும் வரைக்கும் அவள் உள்ளே இருந்து தாளிட்ட ஒரே கதவு குளியலறைக் கதவு. அதையும் யாராவது வந்து தட்டுவார்கள். தனக்கென்று ஒரு கதவு வேண்டும் என்பது அவளுடைய ஆசை. ஆசை கூட இல்லை, ஒப்பந்தம் என்றாள்.

“தாலி கட்டேக்க உங்களைக் கேட்டனான். நீங்கள் ஓம் எண்டனீங்கள்.”

யாழ்ப்பாணத்தார் வாயில் ‘ஓம்’ என்றால் ‘ஆமாம்’. அதற்கு மேல் அதில் ஆன்மிகம் எதுவும் இல்லை.

கனகசபைக்கு அப்படி ஒரு நினைவே கிடையாது. ஸ்காட் ரோட்டுக் கோயிலில் எழுபத்தொன்றாம் ஆண்டு நடந்த அந்தக் கல்யாணத்தில் தவில் வாசித்தவர் எத்தனை பேர், அதில் இடப்பக்கத்துத் தவிலின் தோல் கொஞ்சம் தளர்ந்திருந்தது, நாதஸ்வரம் எந்தச் சுருதி, எல்லாம் நினைவிருந்தது. பெண் ஏதாவது சொன்னாளா? சொல்லியிருக்க முடியாது. தாலி கட்டும் நேரத்தில் கெட்டிமேளம் எதற்காகக் கொட்டுகிறார்கள்? அந்த நேரத்தில் தும்மலோ, அழுகையோ, ஆகாத பேச்சோ யார் காதிலும் விழக் கூடாது என்றுதானே? அந்த மேளத்துக்குள் ஒருத்தி ஒன்று கேட்டு, ஒருத்தன் ஒன்று பதில் சொன்னான் என்றால் யார் நம்புவார்கள்?

அதனால்தான் அப்போது கேட்டேன் என்றாள் புனிதவதி. மணவறையைச் சுற்றி இருநூறு சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருக்க, ஒரு கல்யாணப் பெண் மாப்பிள்ளையிடம் தனியாக ஒரு வார்த்தை பேச அதைவிட நல்ல நேரம் எது?

ரமணி அம்மா பக்கம் பேசிப் பார்த்தாள். கனகசபை சர்வே இலாகாக் குரலை எடுத்தார். எல்லைக்கல் இல்லாத காணிக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது. எழுத்து இருக்கிறதா? சாட்சி இருக்கிறதா? இல்லை. அப்படியானால் அறை ஹோம் தியேட்டருக்கு.

“அந்த அறையில நீ என்ன செய்யப் போறாய்?” என்று நியாயமான மனிதராக ஒரு கேள்வியும் கேட்டார்.

“ஒண்டும் செய்யப் போறேல்ல. கதவைச் சாத்திப்போட்டுச் சும்மா இருக்கப் போறன்.”

சும்மா இருக்க ஓர் அறையா? கனகசபை இந்தக் கதையைத் தமிழ்ச் சங்கத்திலும், கோயிலிலும், முடி வெட்டுகிற கடையிலும் சொல்லிச் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். புனிதவதி அதற்குப் பிறகு அறையைப் பற்றிப் பேசவில்லை. பேசாமல் இருப்பதை அவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். வேறு எப்படி எடுத்துக்கொள்வார்?

இனி ஸ்பீக்கர் பார்க்கும் படலம்.

சாதாரண மனிதர்கள் கடையில் போட்டிருக்கும் டிஸ்க்கைக் கேட்டு ஸ்பீக்கர் வாங்குவார்கள். ரயில் வரும், ஹெலிகாப்டர் தலைக்கு மேல் சுற்றும், கண்ணாடி உடையும், பணத்தைக் கட்டிவிட்டு வருவார்கள். கனகசபை அப்படி ஏமாறுகிற ஆள் இல்லை. ஹெலிகாப்டர் எப்படிச் சத்தம் போடும் என்று யாருக்குத் தெரியும்? நேரில் கேட்ட ஒன்றைப் போட்டுப் பார்த்தால்தான் பொய் பிடிபடும். அதனால் அவர் சட்டைப் பையில் எப்போதும் ஒரு கேசட் இருந்தது. அவருடைய சொந்தக் கல்யாணக் கேசட்.

அதைப் பிடித்தவர் சர்வே ஆபீஸ் சிநேகிதர் வீரசிங்கம். அந்தக் காலத்தில் ஒரு பெரிய டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வந்து, இரண்டு மைக் வைத்தார். ஒன்றை மேளக்காரர் பக்கத்தில் நிறுத்தினார். மற்றதை வைக்க இடம் இல்லாமல், மணவறைத் தூணில் பெண்ணின் தலைக்கு நேரே கட்டிவிட்டார். பிறகு அதைக் கேசட்டில் ஏற்றிக் கொடுத்தார். அதில் கெட்டிமேளம் வரும் நாற்பது விநாடிதான் கனகசபையின் உரைகல். இரண்டு தவில், இரண்டு நாதஸ்வரம், ஐயரின் மணி, இருநூறு பேர், இத்தனைக்கும் அடியில் அட்சதை அரிசி மணவறைப் பலகையில் விழுகிற சத்தம். அரிசி விழுவது தனியாகக் கேட்கிற ஸ்பீக்கர்தான் ஸ்பீக்கர். மற்றதெல்லாம் பெட்டி.

அந்த அரிசியைத் தேடி அவர் கோலாலம்பூரை உழுதார். புக்கிட் பிந்தாங்கில் ஒரு கடை, இம்பி ரோட்டில் இரண்டு, பெட்டாலிங் ஜெயாவில் ஒன்று, பிரிக்பீல்ட்ஸில் ஒன்று. ஒரு கடையில் தவில் மட்டும் கேட்டது. ஒரு கடையில் நாதஸ்வரக்காரர் மூச்சு இழுப்பது கூடக் கேட்டது, ஆனால் அரிசி கேட்கவில்லை. எல்லாக் கடையிலும் ஒரே குறை வேறு: மேளம் உச்சத்துக்குப் போகும்போது நடுவில் ஏதோ முணுமுணுவென்று கரகரத்தது. “அழுக்கு” என்றார் கனகசபை. “உங்கட ஸ்பீக்கரில அழுக்கிருக்கு.” சீனக் கடைக்காரர்கள் துணியால் துடைத்துக் காட்டினார்கள். அந்த அழுக்கு இல்லை என்று அவர் விளக்குவதற்குள் ஒருவர் கடையைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போனார்.

மூன்று மாதம் ஓடியது. புது வீட்டுக்குக் குடிபூரலுக்கு நாளும் குறித்தாயிற்று. பால் காய்ச்சிக் குடி புகுவதற்கு இரண்டு வாரம்தான் இருந்தது. அறையில் ஒரு ஸ்பீக்கர் கூட இல்லை. கார்ப்பெட் மட்டும் சுருட்டிக் கிடந்தது.

கடைசியில் கிள்ளானிலேயே ஒரு கடை. அங்கே நாகையா என்று ஒரு விற்பனையாளர். கனகசபையைப் பற்றி மற்றக் கடைக்காரர்கள் எச்சரித்திருந்தும் அவர் ஓடவில்லை. பின்னால் கண்ணாடி போட்ட அறைக்குள் கூட்டிக்கொண்டு போனார். அன்றைக்குப் பக்கத்துக் கடையில் ஜன்னல் சீலை வாங்க வந்திருந்த புனிதவதியும், கால் வலித்ததால் பையோடு உள்ளே வந்து, பின் சுவரில் இருந்த ஸ்பீக்கருக்குக் கீழே கிடந்த முக்காலியில் உட்கார்ந்தாள்.

“அங்கிள், இது புதுசா வந்த ரிசீவர்” என்றார் நாகையா. “ரெண்டு மைக்ல புடிச்சத அஞ்சு ஸ்பீக்கருக்கும் அதுவே பிரிச்சு அனுப்பும். இதுவும் புடிக்கலன்னா நானே உங்கள என்னோட காடில ஏத்தி வேற கடையில கொண்டு போய் விடறேன் லா.”

கனகசபை ரிசீவரைத் தூக்கிப் பார்த்தார். முதுகு பிடித்துக்கொண்டது. நல்ல சகுனம். கேசட்டைக் கொடுத்துவிட்டு முன்வரிசை சோபாவின் நடுவில் உட்கார்ந்து கண்ணை மூடினார்.

மேளம் எழுந்தது. இடப்பக்கம் நாதஸ்வரம், வலப்பக்கம் தவில், நடுவில் ஐயர். அவரவர் இடத்தில் அவரவர் உட்கார்ந்துவிட்டார்கள். கெட்டிமேளம் வந்தது. விரல் தானாக மேலே போனது. பொலபொலவென்று, ஒவ்வொன்றாக எண்ணலாம் போல, அரிசி விழுந்தது. அதைவிட அதிசயம், முன்னால் அழுக்கே இல்லை. அந்த முணுமுணுப்பு எங்கே போனது? துடைத்தது போலப் போய்விட்டது. கனகசபை கண்ணைத் திறக்காமலே நாகையாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

அப்போது பின்னாலிருந்து புனிதவதி எழுந்து வந்தாள். அவள் முகம் என்னவோ போல இருந்தது.

“இதையே வாங்குங்கோ” என்றாள்.

இருபத்தைந்து வருஷத்தில் அவள் எந்த ஸ்பீக்கரைப் பற்றியும் நல்லதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. கனகசபை கண்ணைத் திறந்தார். புனிதத்துக்கும் காது திறந்துவிட்டதே என்று உள்ளம் பூரித்தார். அவள் அதோடு நிற்கவில்லை. குடிபூரல் அன்று சொந்தக்காரர் எல்லோரையும் அந்த அறையில் இருத்தி, இதே கேசட்டைப் போட வேண்டும் என்றாள். பின்னால் வைக்கிற இரண்டு ஸ்பீக்கரையும் கொஞ்சம் கூட்டி வைக்க வேண்டும் என்றாள். இவ்வளவு நுட்பமா? அவர் பாக்கெட் புத்தகத்தை எடுத்து அதைக் குறித்துக்கொண்டார்.

“அப்ப அறை?” என்று தயங்கிக் கேட்டார்.

“அண்டைக்குக் கேசட் முடியட்டும். பிறகு கதைப்பம்” என்றாள்.

அந்த இரண்டு வாரமும் கனகசபை தரையில் நடக்கவில்லை. டிரேசிங் பேப்பரில் அறையை வரைந்தார். காம்பஸ் வைத்து வட்டம் போட்டார். உட்கார்ந்தால் காது எவ்வளவு உயரத்தில் வரும் என்று ரமணியை நாற்காலியில் இருத்தி டேப் போட்டு அளந்தார். பின் ஸ்பீக்கர்களுக்குச் சுவரில் துளை போட்டு, மனைவி சொன்னபடி கூட்டியும் வைத்தார். செம்பனைத் தோட்டம் தெரிகிற ஜன்னலைத் தடித்த சீலையால் மூடினார். புனிதவதி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, சீலைக்கு எத்தனை ஆணி அடித்தீர்கள் என்று மட்டும் கேட்டாள். பிடுங்குவதற்கு ஆள் வேண்டுமா என்று அவள் யோசித்தது அவருக்கு எப்படித் தெரியும்?

குடிபூரல் நாள் வந்தது. பால் பொங்கியது, நல்ல திசையிலேயே வழிந்தது. பிரிக்பீல்ட்ஸிலிருந்து சொந்தக்காரர்கள் கொமுட்டரிலும், காடி என்று இங்கே சொல்கிற காரிலும் வந்து இறங்கினார்கள். சாப்பாடு முடிந்து வெற்றிலை போடுவதற்குள் கனகசபை எல்லோரையும் மாடிக்கு ஏற்றினார். அவருடைய மூத்த அக்காள் பூரணம் முழங்கால் நோவோடு ஏறி முன் நாற்காலியில் உட்கார்ந்தார். மணவறையில் பெண் தலையை நிமிர்த்தினாலே பிழை என்று நினைக்கிறவர் அவர். கேசட்டைப் பிடித்த வீரசிங்கம் பக்கத்தில் உட்கார்ந்தார். மற்றவர்கள் கார்ப்பெட்டில். புனிதவதி கதவோரமாக நின்றாள்.

கனகசபை எழுந்து ஒரு சிறிய உரை ஆற்றினார். சிறியது என்று அவர் சொன்னார். இந்த ஸ்பீக்கர் தன்பாட்டுக்கு ஒன்றும் கூட்டாது, ஒன்றும் குறைக்காது. உள்ளதை உள்ளபடி சொல்லும். இது பொய் சொல்லாது. இதில் கேட்டதை நீதிமன்றத்தில் கூடச் சாட்சியாக வைக்கலாம். எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டு அரிசியைக் கேட்க வேண்டும். கேசட்டைப் போட்டார்.

நாதஸ்வரம் புறப்பட்டது. பூரணம் அக்காள் தன்னையறியாமல் கையெடுத்துக் கும்பிட்டார். ஐயர் நடுவில் மந்திரம் சொன்னார். கெட்டிமேளம் கொட்டியது. அறை அதிர்ந்தது. கனகசபையின் விரல் மேலே போனது. அரிசி விழுந்தது.

அப்போது பின்னால் இருந்து, எல்லோருடைய முதுகுக்கும் பக்கத்தில் வந்து நின்று சொல்வது போல, ஓர் இளம்பெண்ணின் குரல் கேட்டது.

“இஞ்சேருங்கோ. எங்களுக்கெண்டு ஒரு வீடு வந்தா, கதவு போட்ட ஓர் அறை எனக்குத் தருவீங்களோ?”

தாலிக்கொடியின் பூட்டு மாட்டாமல் குனிந்து தடுமாறிக்கொண்டிருந்த ஓர் ஆணின் குரல், அவசர அவசரமாக:

“ஓம், ஓம். தருவன்.”

மேளம் ஓய்ந்தது.

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? கேசட்டைப் பிடுங்கி ஜன்னலுக்கு வெளியே எறிந்திருப்பீர்கள். அல்லது மின்சாரம் போய்விட்டது என்று சொல்லியிருப்பீர்கள். கனகசபை என்ன செய்தார் தெரியுமா? முகமெல்லாம் மலர்ந்து, கைகளை விரித்துக்கொண்டு எழுந்தார்.

“கேட்டியளோ? மேளத்துக்குள்ள இருந்து ஒரு குரலைத் தனியா எடுத்துத் தருகுது. அந்த ‘ஓம்’ எவ்வளவு சுத்தம், மூச்சுக்கூடக் கேக்குது.”

சொன்னதோடு விட்டாரா? சுற்றினார். மறுபடியும் போட்டார். இந்த முறை சத்தத்தைக் கூட்டிப் போட்டார். “இஞ்சேருங்கோ” என்றது சுவர். “ஓம், ஓம்” என்றது சுவர். வீரசிங்கம் வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு குலுங்கினார். ரமணி அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர் அவள் கையைத் தட்டிவிட்டு, பின்வரிசையில் இருந்தவர்கள் சரியாகக் கேட்டிருக்க மாட்டார்கள் என்று மூன்றாவது தரமும் சுற்றிப் போட்டார். தனக்கெதிரான வழக்கில் எதிர்த்தரப்புச் சாட்சியை மூன்று தடவை கூண்டில் ஏற்றி, ஒவ்வொரு தடவையும் அவரே கை தட்டினார்.

பூரணம் அக்காள்தான் கடைசியில் வாயைத் திறந்தார்.

“தம்பி, அந்தப் பிள்ளை என்ன கேட்டது, நீ என்ன சொன்னனீ எண்டு உனக்கு விளங்கினதோ?”

“அக்கா, நீங்கள் சத்தத்தைக் கவனியுங்கோ, அந்த…” என்று தொடங்கியவர் நின்றார். மூன்று தரம் கேட்ட சொற்கள் அப்போதுதான் ஒன்றன் பின் ஒன்றாக வந்து அவருக்குள் விழுந்தன. வீடு. கதவு. அறை. ஓம். விரல் இன்னும் மேலே இருந்தது. அதை மெதுவாக இறக்கினார்.

ஏதாவது சொல்லிப் பார்க்கலாம். கேசட் பழசு, இழுபட்டிருக்கும் என்று சொல்லலாம். ஆனால் பொய் சொல்லாது, கூட்டாது, குறைக்காது, நீதிமன்றத்தில் வைக்கலாம் என்று பத்து நிமிஷத்துக்கு முன் உரை ஆற்றியவர் யார்? கனகசபை திரும்பிக் கதவோரம் நின்ற மனைவியைப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. ஜெயித்த முகமும் இல்லை. அந்தக் குரலைக் கேட்ட முகத்தோடு நின்றாள், அவ்வளவுதான். இருபத்துமூன்று வயதுக் குரல். இருநூறு பேருக்கு நடுவில் பயந்து பயந்து, ஆனாலும் கேட்டுவிட்ட குரல். அவருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்கு அடியில், இவ்வளவு அழகான குரலா இது என்று சந்தோஷமாகவும் இருந்தது. மூன்று மாதமாகக் கடை கடையாக அலைந்து அரிசியைத் தேடியவருக்கு, ஐந்து கடையில் அழுக்கு என்று திட்டியது இதைத்தான் என்பதும் அப்போது உறைத்தது. உறைத்ததும் அவர் உட்கார்ந்துவிட்டார்.

பூரணம் அக்காள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். இவர் என்ன தீர்ப்புச் சொல்லப் போகிறாரோ என்று எல்லோரும் பார்த்தார்கள்.

“நாங்களெல்லாம் மணவறையில கால் மரத்துப்போனாலும் சொல்லேல்ல. இவள் அறையெல்லோ கேட்டிருக்கிறாள்” என்றார். கொஞ்ச நேரம் புனிதவதியையே பார்த்தார். பொறாமையா, மெச்சுதலா என்று சொல்ல முடியாது. “நீ ஓமெண்டனீ. குடு.”

அவ்வளவுதான். வீரசிங்கம் ஒரு ஸ்பீக்கரைத் தூக்கினார், ரமணி ஒன்றைத் தூக்கினாள், கொமுட்டரில் வந்த இரண்டு மருமக்கள் ஆளுக்கொன்று தூக்கினார்கள், ஐந்தாவதையும் கறுப்புப் பெட்டியையும் யாரோ உருட்டிக்கொண்டு போனார்கள். ரிசீவரைக் கனகசபையே தூக்கினார். வேறு யாரையும் தொட விடவில்லை. எல்லாம் கீழே கூடத்துக்குப் போயின, மிக்ஸி இரைகிற சமையலறைக்கும் மணி அடிக்கிற சாமி மாடத்துக்கும் நடுவில். சத்தம் பார்க்கிறவருக்கு அதைவிடப் பெரிய தண்டனை சட்டத்தில் இல்லை.

மாடியில் புனிதவதி ஜன்னல் சீலையின் ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். ஒன்பது ஆணி. வெளிச்சம் வந்தது. ஒரு நாற்காலியை உள்ளே வைத்துக்கொண்டு கதவைச் சாத்தித் தாளிட்டாள். சும்மா இருந்தாள். அன்று வந்த விருந்தாளிகளில் நான்கு பெண்கள் போகும்போது அந்தக் கதவைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனதாக ரமணி சொல்கிறாள்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் வீட்டில் ஐந்து ஸ்பீக்கர் கிடையாது, ரிசீவரைத் தூக்கி முதுகைப் பிடித்துக்கொள்கிற பைத்தியம் கிடையாது, இந்த இனத்தில் உங்களுக்குப் பங்கில்லை என்று நினைக்கிறீர்கள். நல்லது. ஆனால் ஒன்று. நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருந்தபோது, கெட்டிமேளம் கொட்டும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலோ பின்னாலோ, உள்ளேயிருந்து ஒருவர் வந்து உங்கள் பக்கத்தில் நின்று ஏதோ கேட்டார். நீங்கள் தலையை நிமிர்த்தாமல் “ம்” என்றீர்கள்.

எதற்கு “ம்” என்றீர்கள் என்று எழுந்து போய் விசாரித்துவிட்டு வாருங்கள்.